தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: வேலைக்குப் போகும் பெண்கள் பேசிப் பழக ஒரு வழிகாட்டி

“இன்னும் கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் மீட்டிங்கில் பேசுகிறேன்” என்று சொல்லும் பெண்களை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். வேலையில் சேர்ந்த புதிதில் சொல்வார்கள். இடையில் சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் சொல்வார்கள். பதவி உயர்ந்து, திடீரென்று பெரிய அதிகாரிகள் நடுவில் உட்கார வேண்டி வந்தவர்களும் சொல்வார்கள். ஆனால் தைரியம் அந்த வரிசையில் வருவதில்லை.

‘இது என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் சொன்னார். தானே ஒரு முறை செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு காட்டும் பதற்றத்தை நாம் எடுத்துக்கொள்ளும் விதம். இவற்றில் மிக வலுவானது முதலாவதுதான் என்றார். காலையில் எழுந்து கேட்கும் உற்சாக உரைகளெல்லாம் மூன்றாவது வகை. கேட்கும்போது நன்றாக இருக்கும், அலுவலக வாசலைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் மனதைத் திடப்படுத்தும் வாசகங்கள் கிடையாது. நாளைக்கே செய்யக்கூடிய சின்னச் சின்னக் காரியங்கள் மட்டும், சுலபமானதிலிருந்து கடினமானதை நோக்கி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குறை முழுவதும் உங்களிடம் இல்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ‘எனக்குத் தகுதியில்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று சாதித்த பெண்கள் உள்ளுக்குள் நினைப்பதைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. ஆனால் அறையைப் பற்றியும் பேச வேண்டும். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களை உட்காரவைத்து விவாதிக்கச் சொன்னார்கள். பெரும்பான்மை ஓட்டில் முடிவு என்ற விதி இருந்த குழுக்களில், பெண்கள் குறைவாக இருந்தால் ஆண்களைவிட மிகக் குறைவாகவே பேசினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று விதியை மாற்றிய குழுக்களில், ஒரே ஒரு பெண் இருந்தாலும் அந்த இடைவெளி காணாமல் போனது. பேச வராதவர் என்று நாம் நினைக்கும் பலர், பேச விடாத ஏற்பாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கையாள வேண்டும்.

எங்கே வாய் அடைக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு ஃபோனிலோ நோட்டிலோ ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல ஏதோ இருந்தும் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: யார் யார் இருந்தார்கள், பேச்சு எதைப் பற்றி, சொல்லவந்த வாக்கியம் என்ன. ஏன் சொல்லவில்லை என்ற ஆராய்ச்சி அந்த நேரத்தில் வேண்டாம்.

வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். சிலருக்கு எல்லாரிடமும் பேச்சு வரும், ஒரே ஒரு மேலதிகாரி முன்னால் மட்டும் வராது. சிலருக்கு நேரில் பிரச்சனையில்லை, வீடியோ அழைப்பில் எப்போது உள்ளே நுழைவது என்று தெரியாது. சிலருக்குப் பேச்சு பழக்கமில்லாத மொழிக்கு மாறிய நிமிடத்தில் கதவு சாத்திக்கொள்ளும். “எனக்குப் பேச வராது” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. “பத்துப் பேருக்கு மேல் இருந்தால் எனக்கு முதல் வாக்கியம் வருவதில்லை” என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், ஏனென்றால் முதல் வாக்கியத்தை முந்தின நாளே எழுதிவைக்க முடியும்.

மொழிதான் தடை என்றால் ஒரு வார்த்தை. மொத்த மொழியையும் சரிசெய்த பிறகு பேசலாம் என்று நினைத்தால் ஓய்வு பெறும் வயது வந்துவிடும். உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது வாக்கியங்களை மட்டும் சரளமாக்கிக்கொள்ளுங்கள்: தாமதத்தைச் சொல்வது, விளக்கம் கேட்பது, மறுப்பது, நேரம் கேட்பது. இலக்கணப் பிழையோடு சொன்ன சரியான கருத்து மீட்டிங் முடிந்தும் நினைவில் நிற்கும், பிழையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

மீட்டிங்கில் ஒரே ஒரு வாக்கியம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முந்தின நாள் மீட்டிங்கின் பொருளைப் பாருங்கள். அதில் உங்கள் வேலையைத் தொடும் ஓர் அம்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள். கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. “இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்றால், சோதனைக் குழுவுக்கு எத்தனை நாள் விட்டிருக்கிறோம்?” என்பது போல. இதற்கு மேதாவித்தனம் தேவையில்லை, வேலையைக் கவனித்தவர் என்று மட்டும் காட்டும். அதுவே போதும்.

அந்த வாக்கியத்தை மீட்டிங்கின் முதல் கால்மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடப் போட அந்த வாக்கியத்தின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். நாற்பது நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுச் சொல்லும் வார்த்தை ஏதோ மகா வார்த்தையாக இருக்க வேண்டும் என்று நமக்கே தோன்ற ஆரம்பிக்கும், அதோடு கதை முடிந்தது. கல்வி நிறுவனங்களின் கருத்தரங்குகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. 10 நாடுகளில் 247 கருத்தரங்குகளை நேரில் கவனித்து எண்ணினார்கள். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள். அதிலும் முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டுவிட்ட கூட்டங்களில் பெண்களின் பங்கு இன்னும் குறைந்தது. ஆக, முதல் கேள்வி உங்களுடையதாக இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் தயங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வழி திறக்கலாம்.

வீடியோ அழைப்பில் இடைவெளிக்காகக் காத்திருந்தால் இடைவெளி வரவே வராது. கை உயர்த்தும் பொத்தானை அழுத்துங்கள், மைக்கை முன்கூட்டியே திறந்துகொள்ளுங்கள், பேசிக்கொண்டிருப்பவரின் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். பெயர் காதில் விழுந்தால் யாரும் ஒரு கணம் நிற்பார்கள், அந்தக் கணம் போதும்.

சரி, அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது? நம் அலுவலகப் பேச்சில் தினமும் கேட்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இதுல ரொம்பத் தெரியாது, சும்மா ஒரு சின்ன சந்தேகம்தான்… இந்த மாசக் கடைசிக்குள்ள முடியுமான்னு… இல்ல, நீங்க பாத்துதான் சொல்லியிருப்பீங்க…”

இதில் விஷயம் எங்கே இருக்கிறது? ‘மாசக் கடைசிக்குள் முடியாது’ என்பதுதான் விஷயம். அதுவும் பாதியிலேயே விழுங்கப்பட்டுவிட்டது. மீதி முழுக்க, யாரும் குற்றம் சொல்வதற்கு முன்பே தாக்கல் செய்த மன்னிப்பு மனு. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“மாசக் கடைசிக்குள்ள முடியாதுன்னு நினைக்கிறேன், சார். ரெண்டு காரணம். டேட்டா இன்னும் கைக்கு வரலை. வந்த பிறகு சரிபார்க்கவே ஒரு வாரம் ஆகும். அடுத்த மாசம் பத்தாம் தேதின்னு வச்சுக்கலாமா?”

மரியாதை துளியும் குறையவில்லை. ‘நினைக்கிறேன்’ என்ற பணிவுகூட இருக்கிறது. முடிவு முதலில் வந்தது, காரணம் அடுத்து வந்தது, என்ன வேண்டும் என்பது கடைசியில் வந்தது. வேலை சம்பந்தமான பெரும்பாலான பேச்சுக்கு இந்த வரிசை பொருந்தும். எல்லாத் தயக்கச் சொற்களையும் ஒரே நாளில் களையெடுக்க வேண்டியதில்லை. நீங்கள் அடிக்கடி சொல்லும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள் (பலருக்கு அது ‘சாரி’யாகத்தான் இருக்கும்), அதை மட்டும் விடப் பாருங்கள். நிஜமாகத் தவறு செய்தபோது சொல்ல அந்த வார்த்தை மிச்சமிருக்கட்டும்.

குறுக்கே பேசினால்

பதவி உயர்ந்தால் இது தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். டோன்யா ஜேக்கோபி, டிலன் ஷ்வீர்ஸ் என்ற இருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதப் பதிவுகளை வரிவரியாகப் படித்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்நாட்டில் அதற்கு மேல் நீதிமன்றமே கிடையாது. அங்கேயும் 2015-ஆம் ஆண்டுப் பதிவுகளில் நடந்த குறுக்கீடுகளில் சுமார் 66 சதவீதம், அமர்வில் இருந்த மூன்று பெண் நீதிபதிகளை நோக்கியே இருந்தன. பதவியேற்ற காலத்தில் அந்தப் பெண் நீதிபதிகள் ‘நான் ஒன்று கேட்கலாமா’, ‘மன்னிக்கவும்’ என்ற முன்னுரைகளோடு கேள்வியைத் தொடங்கினார்கள், அந்த முன்னுரை முடிவதற்குள் வேறொருவர் புகுந்துவிடுவார். போகப் போக முன்னுரையை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்கு வரக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் பதிவுகளில் தெரிந்தது. 2021-இல் அந்த நீதிமன்றம் வாதங்களின் நடைமுறையையே மாற்றியது. அதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் சொன்னார்.

நமக்கு அதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, முன்னுரையைக் குறைத்தால் புகுந்துகொள்ளும் இடமும் குறையும். இரண்டு, தனிமனித சாமர்த்தியத்தோடு நிற்காமல் நடைமுறையையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். “எல்லாரும் ஒரு சுற்று அவரவர் கருத்தைச் சொல்லிடலாமா?” என்று மீட்டிங்கை நடத்துபவரிடம் கேட்பது யாரையும் புண்படுத்தாத கோரிக்கை.

குறுக்கிட்ட அந்த நொடியில் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கையோடு வைத்திருங்கள். “ஒரு நிமிஷம், இதை முடிச்சிடறேன்.” அவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். அதே வேகத்தில், விட்ட சொல்லிலிருந்தே தொடருங்கள். வீட்டில் சத்தமாகப் பல முறை சொல்லிப் பழகினால்தான் தேவைப்படும்போது நாக்குக்கு வரும். குறுக்கிட்டவர் உங்கள் மேலதிகாரி என்றால் அவர் முடிக்கட்டும், முடித்ததும் “நீங்க சொன்னதோட, நான் சொல்ல வந்த ரெண்டாவது காரணமும் இருக்கு” என்று மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளாத யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொல்லி, எல்லோரும் தலையாட்டுவது எரிச்சலின் உச்சம். அங்கே “அதை நான்தான் முதலில் சொன்னேன்” என்றால் சண்டை மாதிரி ஆகிவிடும். “நான் ஆரம்பத்துல சொன்னதை இன்னும் தெளிவாச் சொல்லிட்டீங்க. அதுக்கு அடுத்த படி என்னன்னா…” என்று அந்த யோசனையை மறுபடி உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இதைவிடச் சுலபமான வழி கூட்டணி. ஒபாமா அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண் அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி ஒரு கருத்தைச் சொன்னால், இன்னொருத்தி அதை அவள் பெயரோடு சேர்த்துத் திரும்பச் சொல்வாள். கருத்து காற்றில் போகாது, பெயரும் மாறாது. 2016-இல் இது செய்தியாக வந்து பல அலுவலகங்களுக்குப் பரவியது. உங்கள் குழுவில் நம்பகமான ஒருவரோடு இதைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. புதிதாகப் பேசத் தொடங்குபவர்களுக்கு நான் இதையே முதல் பயிற்சியாகச் சொல்வேன். நமக்காகப் பேசும்போது வரும் கூச்சம், “அவங்க சொன்ன பாயிண்ட் முக்கியம், அதைக் கொஞ்சம் பேசலாமே” என்று இன்னொருவருக்காகப் பேசும்போது வருவதில்லை.

குரலும் உடம்பும்

இதைப் பற்றிச் சொல்லப்படும் பலவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ‘பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி குரலும் உடல்மொழியும்’ என்று பயிற்சி வகுப்புகளில் இன்னமும் சொல்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த அந்தச் சோதனைகள், தனிச் சொற்களைச் சொல்லும்போது விருப்பு வெறுப்பு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியவை. ஒரு திட்ட அறிக்கைக்கு அது பொருந்தாது. உடம்பை விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறும் என்று 2010-இல் வந்த ஆய்வும் அப்படித்தான். பெரிய அளவில் மறுபடி செய்துபார்த்தபோது ஹார்மோன் மாற்றம் வரவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-இல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை எனப் பகிரங்கமாக எழுதினார்.

உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழில் பயனிலை கடைசியில்தான் வரும். முடியுமா முடியாதா, வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. பதற்றத்தில் மூச்சு தீர்ந்து, அந்த வால்தான் முனகலாக விழுகிறது. கேட்பவருக்கு விஷயம் மட்டும் கேட்கும், முடிவு கேட்காது. அதனால் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் வையுங்கள், முடித்ததும் வாயை மூடி ஒரு கணம் நில்லுங்கள். அந்த மௌனத்தை ‘வந்து…’, ‘அதாவது…’ போட்டு நிரப்ப வேண்டாம்.

எழுந்து நின்று பேச வேண்டி வந்தால்

பிரசன்டேஷன் கொடுக்க வேண்டிய நாளில் கை நடுங்குவது பெரும்பாலும் வெளியே தெரியாது. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் இதைச் சோதித்தார்கள். பேசுபவர்கள் தாங்கள் பதற்றமாகத் தெரிந்ததாக நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் சுவாரசியமானது, இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே சிலரிடம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். உங்களிடமும் இப்போது சொல்லியாயிற்று.

படபடப்பை அடக்க முயல்வதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது வேலை செய்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு சிறப்பாக இருந்தது. அடித்துக்கொள்ளும் இதயத்தை நிறுத்துவது கஷ்டம், அதற்கான காரணத்தை மாற்றிச் சொல்வது சுலபம்.

தயாரிப்பில் பெரும்பாலோர் ஸ்லைடுகளை அழகுபடுத்துவதில் நேரத்தைக் கொட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பாதியை எடுத்து நின்றபடி, சத்தமாக, முழுசாகப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையில் சேராது. மனதுக்குள் எல்லோரும் சரளமாகத்தான் பேசுகிறோம். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் இருப்பதற்குக் குறிப்பு போதும். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் மொத்தமும் நின்றுவிடும். பேசியதை ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். வீடியோ வேண்டாம், முதலில் குரல் மட்டும். வீடியோவில் பார்த்தால் முடியையும் உடையையும்தான் கவனிப்போம்.

பயம் அதிகமாக இருப்பது கேள்வி நேரத்தில்தான். தெரியாத கேள்வி வந்தால்? “அந்த விவரம் இப்போ கையில இல்லை, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன்.” சொல்லிவிட்டு நிஜமாகவே அனுப்புங்கள். உத்தேசமாக ஒரு பதிலை அடித்துவிட்டு மாட்டிக்கொள்பவரைவிட, சொன்ன நேரத்துக்கு அனுப்பியவரை மக்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். கேள்வி புரியவில்லை என்றால் “நீங்க கேக்கிறது செலவைப் பத்தியா, நேரத்தைப் பத்தியா?” என்று திருப்பிக் கேட்கலாம். யோசிக்க நேரமும் கிடைக்கும்.

அலுவலகத்துக்கு வெளியே பழக இடம் வேண்டும் என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுக் குழுக்கள் நல்ல வழி. அங்கே முன்னறிவிப்பில்லாத தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேசும் பகுதி ஒன்று உண்டு, மீட்டிங்கில் சட்டென்று கேள்வி வந்தால் திணறுபவர்களுக்கு அதுவே மருந்து. நேரத்தைக் கணக்கிட ஒருவர், ‘ம்ம்’, ‘ஆ’க்களை எண்ண ஒருவர் என்று பொறுப்பும் கொடுப்பார்கள். 1924-இல் தொடங்கிய அந்த அமைப்பு 1973 வரை பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்க்கவே இல்லை. ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 1970-இல் ‘ஹோமர்’ என்ற ஆண் பெயரில் உறுப்பினராகப் பதிவானார். 1985-இல் அவரே அதன் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். குழு கிடைக்கவில்லை என்றால் இரண்டு தோழிகள் சேர்ந்து வாரம் ஒரு முறை ஃபோனிலேயே நடத்தலாம். கைதட்டுவதோடு நிறுத்தாமல் ‘இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக்கூடிய தோழியாக இருக்க வேண்டும்.

எழுத்தில்

மின்னஞ்சலுக்கும் அதே வரிசைதான். என்ன வேண்டும் என்பது முதல் வரியில், எப்போதைக்குள் என்பது இரண்டாவது வரியில், பின்னணி அதற்குக் கீழே. மீட்டிங்கில் நீங்கள் சொன்னது முடிவானால், அன்றே “நான் முன்வைத்தபடி பத்தாம் தேதி என்று முடிவானது, அடுத்து செய்ய வேண்டியவை இவை” என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள். பேசியது யார் என்ற குழப்பம் பிறகு வராது.

யாரும் செய்ய விரும்பாத வேலைகள்

மினிட்ஸ் யார் எழுதுவது, வாழ்த்து அட்டைக்குக் கையெழுத்து யார் வாங்குவது, விழாக் குழுவில் யார் இருப்பது. அறையில் கேள்வி எழுந்ததும் பார்வை யார் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். லிண்டா பாப்காக்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட சோதனைகளில், யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டிய, ஆனால் எடுத்தவருக்குப் பெரிய லாபமில்லாத வேலையைக் கலப்புக் குழுக்களில் வைத்துப் பார்த்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். கேட்பவர்களும் பெண்களையே 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். ஆனால் பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் வேலை நடக்காமல் போகவில்லை, ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலும் யாரோ எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ‘அவள் செய்வாள்’ என்று எதிர்பார்ப்பதுதான் விஷயம்.

அதனால் அந்த அமைதியில் முதல் ஆளாகக் கை தூக்காதீர்கள். அமைதி சங்கடமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். உங்களையே நேராகக் கேட்டால் முறை வைக்கச் சொல்லுங்கள்: “போன தடவை நான் எழுதினேன். இந்தத் தடவை வேற யாராவது எடுத்துக்கட்டும், மாத்தி மாத்திச் செய்வோம்.” மேலதிகாரி கொடுத்தால் தேர்வை அவரிடமே விடுங்கள்: “செய்யறேன் சார். இதை எடுத்தா அறிக்கை வெள்ளிக்கிழமைக்குப் போகும். எது முதல்ல வேணும்?” எல்லாவற்றையும் மறுக்க வேண்டியதில்லை. எது உங்கள் ஆண்டு மதிப்பீட்டில் வராதோ அதை மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

கருத்து கேட்பது

“நல்லா பண்றீங்க, இன்னும் கொஞ்சம் தைரியமா இருக்கணும்” என்று மதிப்பீட்டில் சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். பெண்களுக்கு இப்படிப் பிடிமானமில்லாத கருத்தே அதிகம் கிடைக்கிறது என்று ஷெல்லி கோரல், கரோலின் சிமார்ட் இருவரும் 2016-இல் எழுதினார்கள். அதை வைத்து எதையும் திருத்திக்கொள்ள முடியாது. “எந்த மீட்டிங்ல அப்படித் தோணுச்சு? அங்க நான் என்ன சொல்லியிருக்கணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் திணறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இங்கே ஒரு கோடு போட்டுவிடுகிறேன். இரட்டை அர்த்தப் பேச்சு, தொடுதல், மிரட்டல் இவையெல்லாம் உங்கள் பேச்சுத் திறமையால் சமாளிக்க வேண்டியவை கிடையாது. தேதி, நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் பெயர் என்று எழுதிவைத்து முறைப்படி புகார் செய்ய வேண்டியவை.

சம்பளம் கேட்பது

‘பெண்கள் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை’ என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆஸ்திரேலிய ஊழியர்களின் தரவை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஒப்பிடத்தக்க வேலைகளில் பெண்கள் ஆண்கள் அளவுக்கே சம்பள உயர்வு கேட்டிருந்தார்கள். கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்கு. கேட்கும் பெண்ணை ‘ரொம்பத்தான்’ என்று பார்க்கும் வழக்கமும் உண்டு, அதையும் ஹன்னா ரைலி பவுல்ஸ் குழுவினர் 2007-இல் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். இது நியாயமில்லை. ஆனால் அறையின் நிலவரம் தெரிந்து உள்ளே போவது நல்லது.

மூன்று மாதம் முன்பே ஒரு பக்கக் கணக்கு எழுத ஆரம்பியுங்கள்: செய்த வேலை, அதனால் மிச்சமான நேரமோ பணமோ, புதிதாகச் சேர்ந்த பொறுப்பு. அதே வேலைக்கு வெளியில் என்ன தருகிறார்கள் என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். ஆண் சகாக்களிடமும் கேளுங்கள், பெண்களிடம் மட்டும் விசாரித்தால் குறைந்த தொகையே சராசரி மாதிரி தெரியும். பட்ஜெட் முடிவான பிறகு கேட்டால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும், அதனால் அதற்கு முன்பே தனியாக நேரம் வாங்குங்கள்.

உள்ளே போனதும் வீட்டுக் கஷ்டத்தில் ஆரம்பிக்க வேண்டாம். “இந்த வருஷம் எனக்குச் சேர்ந்த பொறுப்புகளுக்கு ஏத்த மாதிரி சம்பளத்தைத் திருத்தணும்னு கேட்க வந்தேன். நான் எதிர்பார்க்கிறது இந்தத் தொகை.” தொகையைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். ‘இல்லன்னா கொஞ்சம் குறைச்சாலும் பரவால்ல’ என்று நீங்களே பேரத்தை முடித்துவிடத் தோன்றும் இடம் அதுதான்.

‘இப்போ முடியாது’ என்று பதில் வந்தால், “சரி சார். ஆறு மாசத்துல மறுபடி பேச, நான் என்னென்ன செஞ்சிருக்கணும்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை அன்று மாலையே நன்றியோடு ஒரு மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து வரும் தேதியைக் காலண்டரில் போட்டுவையுங்கள்.